இசை தெரியாதவர் சோதனை இசை நிகழ்ச்சிக்குப் போகலாமா? சத்தத்தை நீக்கிப் பிழைப்பவரின் பதில்

போங்கள்.

கேள்வி இதுதான்: நண்பர் ஒரு மாலை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார். மின்னணுக் கருவிகளை வைத்துச் செய்யும் சோதனை இசையும், எழுதி வைத்த ஸ்வரம் எதுவும் இல்லாமல் மேடையிலேயே உருவாகும் இசையும் கலந்தது. உங்களுக்கு இசை தெரியாது. போனால் ஏதாவது புரியுமா, பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வரலாமா?

புரிவதைப் பற்றிய கவலையை விடுங்கள். வாசிப்பவருக்கே அடுத்த நிமிடம் என்ன வரும் என்று தெரியாத இசை அது. நண்பர் ஒரு காணொளி அனுப்பியிருப்பார், அதைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அரையிருட்டில் ஒருவர் மேசைமேல் குனிந்து நிற்பார், கர்ரென்று ஒரு சத்தம் வரும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அடித்தொனிகளைக் கொண்டுவரவே முடியாது. போதாக்குறைக்கு, படம் எடுத்த கைபேசி மெல்லிய சத்தத்தைத் தானாகவே தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருக்கும். இந்த வகை இசையில் விஷயமே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் "இது பணம் பண்ணும் தந்திரம்", "மூளை உள்ளவர்களுக்குத்தான் பிடிக்கும்" என்று இரண்டு கட்சிகள். இரண்டும் எரிச்சலூட்டுவதால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் இசைக் கலைஞர் இல்லை, விமர்சகரும் இல்லை. சத்தத்தை நீக்குவது என் தொழில்.

பேச்சு ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். ஒருவர் பேசியதைப் பதிவு செய்தால் அதில் பேச்சு மட்டும் இருக்காது. மின்சாரத்திலிருந்து வரும் ஹம் இருக்கும்: 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அதிர்வு) ஒன்று, அதன் மடங்குகளாக 100, 150, 200 என்று மேலே அடுக்கிக்கொண்டே போகும். (சில நாடுகளில் 60இல் தொடங்கும்.) ஏசியின் இரைச்சல், நாற்காலியின் முனகல், வாக்கியத்துக்கு முன் இழுக்கும் மூச்சு, உதடு பிரியும்போது வரும் சின்னச் 'சப்'. நாள் முழுக்க ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு இவற்றைத் தேடித் தேடி வெட்டுகிறேன். நான் வேலையைச் சரியாகச் செய்திருந்தால், செய்ததே யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட ஆளை ஒரு சாக்ஸபோன் கலைஞர் கூப்பிட்டார். ஒரு நேர்காணல் பதிவுக்காக எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தவர். நான் அவருடைய மூச்சுச் சத்தங்களை நீக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த வாரம் ஒரு நிகழ்ச்சி இருக்கு, வாங்க. நீங்க வெட்டிப் போடறது எல்லாம் அங்கே இருக்கும்" என்றார்.

சின்ன அறை. மேடை கிடையாது. மூன்று செட், அதாவது மூன்று தனித்தனி வாசிப்புகள், நடுவில் ஓர் இடைவேளை.

முதல் செட்டில் ஒருவர், ஒரு மேசை, ஒரு மிக்ஸர். மிக்ஸர் என்பது மைக்குகளையும் கருவிகளையும் வாங்கிக் கலந்து வெளியே அனுப்பும் பெட்டி என்பது தெரிந்திருக்கும். அவருடைய மிக்ஸரில் எந்த மைக்கும் இல்லை, எந்தக் கருவியும் இல்லை. வெளியே போகும் துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, உள்ளே வரும் துளையிலேயே சொருகியிருந்தார். அப்படிச் செய்தால் பெட்டிக்குள் எப்போதும் இருக்கும் மிகச் சின்ன மின் இரைச்சல் சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடத் தொடங்கும். மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே காட்டினால் 'கீய்ங்' என்று காதைக் கிழிக்குமே, அதே ஃபீட்பேக்தான். இங்கே காற்றில் நடக்காமல் கம்பிக்குள்ளேயே நடக்கிறது. ஜப்பானின் தோஷிமாரு நகமுரா 1990களின் பிற்பகுதியிலிருந்து இதையே தன் கருவியாக வைத்து வாசித்துவருகிறார். எதையும் உள்ளே அனுப்பாத மிக்ஸர் என்றே அதற்குப் பெயர். ஒரு குமிழைத் திருகினால் என்ன வரும் என்பதை ஓரளவுக்குத்தான் கணிக்க முடியும். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் நகரும்.

அவர் தொடங்கியது எதில் என்று நினைக்கிறீர்கள்? ஹம்மில். தாழ்ந்த, தடித்த, எனக்கு நன்றாகத் தெரிந்த அதே ஹம். என் வலது கை தானாக மடியில் நகர்ந்தது, அங்கே இல்லாத மவுஸைத் தேடி.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். அந்த ஹம்மின் மேல் மெல்லிய இன்னொரு தொனியை வைத்தார். பிறகு கிட்டத்தட்ட அதே உயரத்தில் மற்றொன்று. இரண்டு தொனிகளுக்கும் மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் நொடிக்கு மூன்று முறை சத்தம் வீங்கி அடங்கும். இது பள்ளி இயற்பியல் பாடம், விம்மல்கள் என்று படித்திருப்போம். அதை அவர் நகக்கண் அளவு திருகலில் மெதுவாக்கினார். மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது, கடைசியில் இரண்டு தொனியும் ஒன்றாகி உறைந்து நின்றது. தாளக்கருவி எதுவும் இல்லாத அறையில் ஒரு தாளம் பிறந்து, தளர்ந்து, காணாமல் போனது. எனக்கு முன்னால் இருந்தவர் காலால் தட்டிக்கொண்டிருந்தார், பாவம், நடுவில் கைவிடப்பட்டார்.

இன்னொன்றும் நடந்தது. அவர் ஒரே ஒரு சுத்தமான தொனியை நீட்டிப் பிடித்தபோது நான் தற்செயலாகத் தலையைத் திருப்பினேன், சத்தம் மாறியது. மறுபடி திருப்பினேன், மறுபடி மாறியது. தொனி சுவரில் பட்டுத் திரும்பி, போகும் அலையோடு சில இடங்களில் சேர்ந்து கூடுகிறது, சில இடங்களில் மோதி அழிகிறது. ஆயிரம் ஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். சத்தம் கூடும் இடத்துக்கும் அழியும் இடத்துக்கும் நடுவே அதில் கால்பங்கு. அதாவது நாலு விரற்கடை தலையை நகர்த்தினால் வேறு ஓசை. நான் வேலையில் இதைப் பிரச்சினை என்று எழுதி அனுப்புவேன். அன்று என் நாற்காலியில் இருந்துகொண்டே கழுத்தை வைத்து நானும் வாசித்தேன். சுற்றிப் பார்த்தால் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே மாதிரி மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரசிகர்கள் சொக்கிப்போய்விட்டார்கள் என்று தோன்றியிருக்கும். கேட்கப் பயிற்சி வேண்டுமோ என்று நினைத்தால், கழுத்து இருந்தால் போதும்.

இரண்டாம் செட்டில் என்னை அழைத்தவர். சாக்ஸபோனை வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஸ்வரமே எழுப்பவில்லை. வெறும் காற்று. விரல்கள் துளைமூடிகளை அழுத்தும் 'டொப் டொப்'. வாய்முனையில் அதிரும் மெல்லிய பட்டையான ரீடை நாக்கால் அடித்து எழுப்பும் வெடிப்பு. எச்சில் குழாய்க்குள் கொப்பளிப்பதுகூட. பக்கத்தில் ஒரு தகரத் தகட்டில் கான்டாக்ட் மைக் ஒட்டியிருந்தார்கள். அது காற்றில் வரும் ஓசையைக் கேட்காது. தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வை மட்டும் எடுக்கும். உள்ளே இருப்பது அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு சின்னப் பீசோ வட்டு, அவ்வளவுதான். சாக்ஸபோனின் வாயை அந்தத் தகட்டின்மேல் கவிழ்த்து ஊதியபோது தகடு பேசியது.

மூச்சை வெட்டுவதில் நான் கைதேர்ந்த ஆள், இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு மூச்சைக் கேட்டாலே வாய் மைக்குக்கு எவ்வளவு கிட்டே இருந்தது, மூக்கால் இழுத்ததா வாயால் இழுத்ததா, அடுத்த வாக்கியம் நீளமா சின்னதா என்று சொல்லிவிடுவேன். பேசுபவர் தயங்கும் இடம் அவருடைய மூச்சில்தான் முதலில் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களில் அந்த மூச்சுகளை என்னளவுக்குக் கேட்ட ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்வேன். கர்வம் என்றால் கர்வம்தான்.

சத்தம் நீக்குவது என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். "ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும்தானே" என்று சொல்லிக்கொண்டு கோப்பை அனுப்புகிறவர்களுக்கு: போகாது. பேச்சும் இரைச்சலும் ஒரே அலைவரிசையில் கலந்திருந்தால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றும் கொஞ்சம் போகும். மென்பொருள் எவ்வளவு முன்னேறினாலும் எங்கே நிறுத்துவது என்று காதுதான் சொல்ல வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு அனுப்பி, காலையில் "சும்மா ஒரு கிளீன்தானே, இதற்கெல்லாம் கட்டணமா?" என்று கேட்ட வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அந்த விசிறியை ஐந்து நிமிடம் நிறுத்தியிருந்தால் என் ஒரு இரவு மிஞ்சியிருக்கும். சரி, விடுங்கள்.

இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரர் பிடித்துக்கொண்டார். வயதில் மூத்தவர், வெளிப்படையாக எரிச்சலில் இருந்தார். "என்னங்க இது, ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்று தொடங்கி, நியாயமான ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தார். "தப்பே வராத இசையில் சரி எதுன்னு எப்படிங்க தெரியும்? நாளைக்கு நான் போய் அந்தக் குமிழைத் திருகினால் நீங்க கைதட்டுவீங்களா?"

இது நல்ல கேள்வி. சிரித்து ஒதுக்குபவர்களை எனக்குப் பிடிக்காது. அன்று அவருக்கு உளறலாகத்தான் ஏதோ சொன்னேன். மூன்றாம் செட்டைப் பார்த்த பிறகுதான் சொல்ல ஒன்று கிடைத்தது. அதற்குப் பின் பல நிகழ்ச்சிகளில் உட்கார்ந்து சரிபார்த்தும் இருக்கிறேன். யார் எப்போது நிறுத்துகிறார் என்று பாருங்கள். என் அளவுகோல் அது ஒன்றுதான்.

மூன்றாம் செட்டில் மிக்ஸர்காரர், சாக்ஸபோன், புதிதாக லேப்டாப்போடு ஒருவர். (லேப்டாப்காரர்கள் மின்னஞ்சல் பார்க்கிறார்களா வாசிக்கிறார்களா என்பது இந்த வட்டத்தில் பழைய கேலி. மேடையிலேயே நிரல் எழுதி வாசிக்கிறவர்கள் 2004இல் டாப்லாப் என்ற பெயரில் சேர்ந்தபோது, திரையைச் சபைக்குக் காட்டுவதையே கொள்கையாக வைத்துக்கொண்டார்கள். அன்றைய ஆள் காட்டவில்லை.) மூவரும் தொடங்கினார்கள். முதல் சில நிமிடங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தார்கள், சந்தைக்கடை. பிறகு மிக்ஸர்காரர் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். வாசிக்கவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் விலகியதும் சாக்ஸபோனின் உள்மூச்சு கேட்க ஆரம்பித்தது; அது அதுவரை மூழ்கிக் கிடந்திருக்கிறது. லேப்டாப்காரர் அந்த மூச்சைப் பதிவு செய்து, நீட்டி, அறையின் பின்பக்க ஸ்பீக்கரில் விட்டார். சாக்ஸபோன்காரர் திரும்பிப் பார்த்து, தன் மூச்சுக்குத் தானே பதில் ஊதினார். இவ்வளவும் நடந்தது ஒருவர் கையை எடுத்ததால்.

ஒரு கட்டத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்து பின்னாலிருந்து ஒருவர் கைதட்டிவிட்டார். வேறு யாரும் தட்டவில்லை. அந்த ஒற்றைக் கைதட்டல் வெட்கத்தோடு சுருங்கி நின்றது. சாக்ஸபோன்காரர் நாக்கால் 'டக் டக்' என்று அதே வேகத்தில் தொடர்ந்தார், கிண்டலாக இல்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டதுபோல. இன்னும் சில நிமிடங்கள் போயின. பிறகு உண்மையிலேயே முடிந்தது, அதை எல்லோரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம். எப்படி என்று கேட்காதீர்கள். மூவரில் யாரும் தலையசைக்கவில்லை, கை காட்டவில்லை. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பதில் இதுதான். குமிழை யார் வேண்டுமானாலும் திருகலாம். திருகாமல் இருக்க வேண்டிய இடம் எல்லோருக்கும் தெரியாது. மோசமான மாலைகளும் இருக்கின்றன, நிறையவே. ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு இடைவெளியே விடாமல் அடைப்பார்கள். மெல்லத் தொடங்கி, பெருஞ்சத்தத்துக்கு ஏறி, மெல்ல அடங்கி, அதே மலையை ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவார்கள். வீட்டில் செய்து வைத்ததை ஓடவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் லேப்டாப்காரரையும் பார்த்திருக்கிறேன். இவற்றையெல்லாம் 'புரியவில்லை' என்று நீங்கள் மரியாதையாக விழுங்க வேண்டியதில்லை. சலிப்பாக இருந்தால் அது சலிப்புதான்.

இனி, இந்தப் பதிலுக்குக் கீழே மறுப்பு எழுதப்போகிறவர்களுக்கு.

"இதெல்லாம் நேற்றைய மோஸ்தர்": இத்தாலியின் லூயிஜி ருஸ்ஸோலோ இரைச்சல்களை இசைக்குள் கொண்டுவர வேண்டும் என்று அறிக்கை எழுதியது 1913இல். அதற்கென்றே பெட்டிக் கருவிகள் செய்து 1914இல் மிலானில் வாசித்தபோது அரங்கில் ரகளையே நடந்தது. 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, அவற்றை வைத்தே ஒரு படைப்பைச் செய்தார். லண்டனில் 1965இல் தொடங்கிய ஏஎம்எம் குழுவில் கீத் ரோ கிடாரை மேசையில் படுக்க வைத்து, பொருள்களால் சுரண்டியும் வானொலியைக் கலந்தும் வாசித்தார். நீங்கள் பார்க்கப்போகும் 'மேசைமேல் குனிந்து நிற்பவர்' என்ற தோற்றத்துக்கு அவரும் ஒரு மூதாதை.

"நம் கச்சேரியில் இல்லாத மனோதர்மமா?" இருக்கிறது, யார் இல்லை என்றது? கிடார் கலைஞர் டெரிக் பெய்லி, மேடையிலேயே உருவாக்கி வாசிக்கும் இம்ப்ரோவைசேஷன் பற்றி 1980இல் எழுதிய நூலில் இந்திய இசைக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஒரு மரபின் இலக்கணத்துக்குள் நின்று செய்வது ஒன்று, அப்படி எந்த மரபையும் முன்னால் வைத்துக்கொள்ளாமல் செய்வது இன்னொன்று என்று பிரிக்கிறார்; ஒன்று உயர்த்தி மற்றது தாழ்த்தி என்று அதில் இல்லை. ராகத்துக்குள் ஆலாபனை செய்பவருக்கு எந்த ஸ்வரம் கூடாது என்பது முன்பே தெரியும். இவர்கள் எது கூடாது என்பதையே வாசித்துக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

"வெள்ளைக்காரர் விளையாட்டு": அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940களில் இந்திய இசைக்கலைஞர் கீதா சாராபாயிடம் இந்திய இசையைப் பற்றிக் கற்றவர், மனத்தை அமைதியாக்கித் தயார்ப்படுத்துவதே இசையின் வேலை என்று அவரிடம் கேட்டது தன்னை மாற்றியதாகச் சொல்லியிருக்கிறார். பியானோவில் ஒரு ஸ்வரமும் எழாத நான்கு நிமிடம் 33 விநாடி கொண்ட கேஜின் படைப்பை 1952இல் முதன்முதலில் மேடையேற்றிய பியானோ கலைஞர் டேவிட் டியூடர்தான், 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு (மின்சாரத்தால் ஓசையை உருவாக்கும் கருவி) ஒரு மின்னணு இசை ஸ்டூடியோவை அமைக்க வந்தவரும். அங்கே இந்தியர்கள் உருவாக்கிய ஒலிப்பதிவுகள் இன்று வெளியாகியிருக்கின்றன. யாருடைய விளையாட்டு என்று அதற்குப் பிறகு சண்டை போடுவோம்.

உங்களுக்கு நடைமுறையில் உதவக்கூடியவை கொஞ்சம் சொல்கிறேன்.

காதடைப்பான் கொண்டுபோங்கள். இதில் விளையாட வேண்டாம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. மூன்று டெசிபல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். சில செட்டுகள் அதைச் சுலபமாகத் தாண்டும். பஞ்சுபோன்ற அடைப்பான் மேல்தொனிகளை அதிகமாக விழுங்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்பது எல்லாத் தொனிகளையும் ஓரளவு சமமாகக் குறைக்கும். எனக்குக் காதுதான் முதல், அதனால் எப்போதும் பையில் இருக்கும். வீரம் காட்டுகிறவர்கள் காட்டட்டும்.

கைகள் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். இந்த இசையில் கண்ணுக்கும் வேலை உண்டு. எந்தச் சத்தம் யாருடையது என்று தேடுவதிலேயே முதல் கால் மணி நேரம் சுவாரசியமாகப் போகும். வாசிப்பவரைப் பற்றி முன்கூட்டியே படித்துக்கொண்டு போக வேண்டாம். முடிந்ததும் "என்ன புரிந்தது?" என்று கேட்பதற்கென்றே ஒருவர் வருவார். பதில் சொல்லக் கடமை கிடையாது.

படம் எடுக்காதீர்கள், குறைந்தது மெல்லிய பகுதிகளிலாவது. நல்லெண்ணத்தில் சொல்கிறேன்: அந்தப் பதிவில் ஒன்றும் இருக்காது.

பாதியில் எழுந்து வரலாமா? தாராளமாக. கேஜின் அந்த 1952 அரங்கேற்றத்திலேயே ஆட்கள் எழுந்து போனார்கள். முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரையில் மழை, மூன்றாவதில் ஆட்கள் பேசிக்கொண்டும் வெளியேறிக்கொண்டும் இருந்த சத்தம் என்று அதையும் கேட்ட ஓசைகளோடு சேர்த்தே அவர் பின்னர் சொன்னார். ஆனால் முறை இருக்கிறது. சத்தம் பெரிதாக ஓடும்போது எழுங்கள், மெல்லியதாக இருக்கும்போது பொறுத்துக்கொள்ளுங்கள். கதவு கிறீச்சிடுமா என்று உள்ளே வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் ஒரேயடியாகப் போய்விடவும் வேண்டாம். வெளியே நின்றுவிட்டு அடுத்த செட்டுக்குத் திரும்பி வாருங்கள். அடுத்து வருபவர் முற்றிலும் வேறு ஆள், வேறு கருவி. என் பக்கத்து நாற்காலிக்காரர் இடைவேளையில் கிளம்பப் பார்த்தவர்தான், கடைசிவரை இருந்தார். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.